காரிலிருந்து இறங்கினாலே ஷாக்: கோளாறு காரில் இல்லை

கேள்வி: இரண்டு மாதமாகக் காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும்போதெல்லாம் விரல் நுனியில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. இப்போது கதவைத் தொடவே பயந்து முழங்காலால் தள்ளிச் சாத்துகிறேன். மெக்கானிக் பேட்டரி, வயரிங் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வண்டிக்குப் பின்னால் தரையில் உரசும்படி ஒரு எர்த் பட்டை தொங்கவிட்டார், பலன் இல்லை. பக்கத்து சீட்டில் வரும் என் மனைவிக்கு ஒருமுறைகூட அடித்ததில்லை. பின் சீட்டில் வரும் அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. இதனால் ஆபத்து உண்டா? பெட்ரோல் போடும்போது தீப்பிடிக்குமா? இதை எப்படி நிறுத்துவது?

பதில்: வயரிங்கை மறுபடி பிரிக்க வேண்டாம். உங்களுக்கு அடிப்பது பேட்டரி மின்சாரம் இல்லை. 12 வோல்ட் பேட்டரியை உலர்ந்த கையால் தொட்டால் எதுவும் தெரியாது. உங்களை அடிக்கும் மின்சாரம் காரில் இல்லை, உங்கள் உடம்பில் இருக்கிறது. சீட்டிலிருந்து எழும்போது உங்கள் மேல் நிலைமின்னூட்டம் (ஓடாமல் தேங்கி நிற்கும் மின்சாரம்) ஏறுகிறது, கதவைத் தொடும்போது அது காருக்குப் பாய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். மெக்கானிக் கட்டிய பட்டை ஏன் உதவவில்லை என்பதும் தெரியும்.

முதலில் இன்றைக்கே செய்யக்கூடியது. செலவில்லாதது, அநேகமாக இது ஒன்றே போதும். வண்டியை நிறுத்தியதும் சீட்டில் உட்கார்ந்தபடியே கதவைத் திறங்கள். இடுப்பு இன்னும் சீட்டில் அழுந்தியிருக்கும்போதே காரின் உலோகப் பகுதி ஒன்றை உள்ளங்கையால் நன்றாகப் பிடியுங்கள். பிடித்த கையை எடுக்காமல் காலை வெளியே வைத்து, எழுந்து, முழுதாக நில்லுங்கள். சட்டையின் பின்பக்கமோ புடவைத் தலைப்போ கோட்டின் நுனியோ சீட்டை விட்டு விலகிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்துங்கள், அடிக்காது. ஒரு வாரம் கவனமாகச் செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

எதைப் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உள்பக்கக் கைப்பிடி குரோம் போலப் பளபளத்தாலும் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக்தான். ஸ்டீயரிங், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கதவின் உள்பக்க அட்டை இவையெல்லாம் பயன்படாது. கதவைத் திறந்ததும் அதன் ஓரத்தில் பூட்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் அடிக்காத உலோகத் தகடும் அதை இறுக்கிய திருகுகளும் இருக்கும். கதவு ஓரத்தைப் பிடிக்கும்போது ஒரு விரல் அந்தத் தகட்டில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டின் நகரும் கொக்கிக்குள் மட்டும் விரல் போகக்கூடாது. கதவுச் சட்டத்தில் பூட்டு மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையமும் நல்ல இடம்தான்; ஆனால் ஓட்டுநர் உட்கார்ந்தபடி தோளுக்குப் பின்னால் கையை நீட்ட வேண்டியிருக்கும்.

கூரை ஓரத்தையோ கதவுச் சட்டத்தையோ பிடித்தால் ஆகாதா? பெரும்பாலும் ஆகும். சிலருக்கு மட்டும் ஆகாது, அதற்குக் காரணம் பெயின்ட். கார் பெயின்ட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்கடத்தாப் படலம். உள்ளங்கையை அதன் மேல் வைத்திருக்கும் வரை கையும் அடியிலுள்ள தகடும் சேர்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியாகி, உடம்பின் வோல்டேஜைக் குறைத்து வைக்கும். பெயின்ட் வழியாக மின்னூட்டம் கசிந்து போய்விட்டால் பிரச்சினை இல்லை. கசியவில்லை என்றால் கையை எடுத்த கணமே வோல்டேஜ் மறுபடி எகிறும், அடுத்த தொடுதலில் அடிக்கும். “நானும் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன், அப்படியும் அடிக்கிறது” என்று சொல்பவர்கள் பெயின்ட் இல்லாத இடத்துக்குக் கையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இனி, இந்த மின்னூட்டம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இரண்டு வேறு பொருள்கள் அழுந்தித் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் எலெக்ட்ரான்கள் இடம் மாறும். உரசினால் தொடும் பரப்பு கூடுவதால் இன்னும் அதிகம் மாறும். சீட்டில் உட்கார்ந்து, வளைவுகளில் அசைந்து, பிரேக்கில் முன்னே சரிந்து போகும் பயணம் முழுவதும் உங்கள் உடைக்கும் சீட் துணிக்கும் இடையே இதுதான் நடக்கிறது. ஆனால் உட்கார்ந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. உடையில் ஒருவகை மின்னூட்டம், சீட்டில் எதிர்வகை. இரண்டும் ஒட்டியிருப்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. நீங்கள் எழும்போது அவை பிரிகின்றன. பிரியப் பிரிய, அதே அளவு மின்னூட்டம் பல மடங்கு வோல்டேஜாக மாறுகிறது. தனியே நிற்கும் மனித உடம்பின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், சுமார் 100 முதல் 200 பிக்கோஃபாரட். 150 என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மைக்ரோகூலோம் மின்னூட்டமே உங்களை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். உலர்ந்த காற்றில் காரிலிருந்து இறங்குபவர் மேல் இந்த அளவு ஏறுவது சாதாரணம்.

உட்கார்ந்தபடியே உலோகத்தைப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். பிரியும் கணத்தில் பாதை திறந்திருந்தால், மின்னூட்டம் சேரச் சேரக் கை வழியாகக் காரின் உடலுக்குப் போய்விடும். வோல்டேஜ் ஏறவே ஏறாது, பொறியும் கிடையாது. எழுந்து நின்றபின் பிடித்தால் ஏறிய 10,000 வோல்ட்டும் ஒரே நேரத்தில் பாயும். காற்று மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வரைதான் தாங்கும். எனவே விரல் கதவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போதே பொறி பாய்ந்துவிடும். தொடுவதற்கு முன்பே அடித்தது போலத் தோன்றுவது பிரமை இல்லை.

எர்த் பட்டைக்கு வருவோம். ஓடும்போது காற்றும் தார்ச்சாலையும் உரசிக் காருக்கு மின்னேற்றம் வருகிறது, டயர் ரப்பர் என்பதால் அது தரைக்குப் போக முடியாமல் நிற்கிறது என்ற எண்ணத்தில்தான் அதைக் கட்டுகிறார்கள். டயர் சுழல்வதால் காரில் கொஞ்சம் மின்னூட்டம் சேர்வது உண்மைதான். ஆனால் டயர் வெறும் ரப்பர் இல்லை. அதைக் கருப்பாக்கும் கார்பன் பிளாக் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார்பன் பிளாக்குக்குப் பதில் சிலிக்கா அதிகம் சேர்த்த டயர்களில் மின்தடை கூடும். அதை ஈடுகட்ட டயர் முகப்பில் கடத்தும் ரப்பரால் ஒரு மெல்லிய கோடு வைத்துத் தயாரிக்கிறார்கள். காரின் மின்தேக்குதிறனை 1,000 பிக்கோஃபாரட் என்றும், டயர் வழித் தடையை மோசமாகவே 100 கோடி ஓம் என்றும் வைத்துக் கணக்கிட்டாலும், மூன்று வினாடியில் மின்னூட்டத்தின் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். நீங்கள் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் காரில் எதுவும் மிச்சமிருக்காது. மிஞ்சுவது உங்கள் மேல் ஏறுவது மட்டும்தான். அது தரைக்குப் போகாமல் தடுப்பது உங்கள் செருப்பு. வண்டிக்குக் கட்டிய பட்டை உங்கள் செருப்பைத் தாண்டி என்ன செய்ய முடியும்?

ஆனாலும் இதை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். வழக்கம்போல ஓட்டிவந்து, காரின் உலோகம் எதையும் தொடாமல் இறங்குங்கள். நாலைந்து அடி நடந்து, தரையில் ஊன்றிய இரும்புக் கம்பி ஒன்றைக் கையிலுள்ள சாவியால் தொடுங்கள். பொறி பறந்தால் மின்னூட்டம் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த பயணத்தில் வெளியே ஒருவரை நிறுத்தி, முதலில் அந்தக் கம்பியைத் தொட்டுத் தன் மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கார் வந்து நின்று அரை நிமிடம் ஆனதும், நீங்கள் கதவைத் திறக்கும் முன், அவர் காரைத் தொட வேண்டும். அவருக்கு எதுவும் அடிக்கவில்லை என்றால் கார் நிரபராதி. அரிதாக அவருக்கும் அடித்தால் டயர்களை ஐயப்படலாம், குறிப்பாக அண்மையில் மாற்றியிருந்தால். அந்த ஒரு நிலையில் மட்டும் பட்டைக்கு வேலை உண்டு. அதுவும் உள்ளே உலோக இழையோ கடத்தும் ரப்பரோ உள்ள பட்டையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இல்லாமல், பெயின்ட் சுரண்டிய சேசிஸ் உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்கி, நுனி எப்போதும் சாலையைத் தொடும்படி கட்ட வேண்டும்.

உங்கள் மனைவிக்கு ஏன் அடிப்பதில்லை? மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று உடை. உடையும் சீட் துணியும் மின்னூட்ட வரிசையில் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு அதிகம் சேரும். கம்பளியும் நைலானும் எலெக்ட்ரானைக் கொடுக்கும் பக்கம், பாலியெஸ்டரும் பி.வி.சி.யும் வாங்கும் பக்கம், பருத்தி ஏறக்குறைய நடுவில். பெரும்பாலான கார் சீட்டுகள் பாலியெஸ்டர் துணி. அதன் மேல் நைலான் ஜாக்கெட்டோ கம்பளி உடையோ அணிந்து உட்கார்வது மோசமான ஜோடி. இரண்டு செருப்பு: தோல் அடிப்பாகம் மின்னூட்டத்தைக் கசியவிடும், கெட்டியான ரப்பரோ பாலியூரித்தேனோ விடாது. மூன்றாவது, பலர் யோசிக்காதது, இறங்கும் விதம். கதவுச் சட்டத்தைப் பிடித்து ஊன்றி எழுபவர்கள் தெரியாமலே சரியான முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். உங்கள் மனைவி எதைப் பிடித்து இறங்குகிறார் என்று அடுத்தமுறை கவனியுங்கள். நீங்கள் ஒரு கையில் போனும் மறு கையில் பையுமாக, எதையும் பிடிக்காமல் வழுக்கி இறங்குபவராக இருக்கலாம். ஓட்டுநர் பெடல் மிதித்து, திரும்பி, அசைந்துகொண்டே இருப்பதால் உரசலும் அவருக்கே அதிகம்.

இரண்டு மாதமாகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் சீட் கவரோ செருப்போ மாற்றினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றால் காற்றின் ஈரப்பதம் குறைந்ததுதான் காரணம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துணிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து மின்னூட்டத்தைக் கசியவிடும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் படலம் இல்லாமல் போகிறது. குளிர்காலத்தில் ஷாக் கூடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. 0 டிகிரியில் முழு ஈரத்துடன் இருக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கும். அதை ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 25 சதவீதமாகிவிடும். வெயில் காலத்தில் ஏசியும் காற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. காருக்குள் ஈரப்பதத்தைக் கூட்டலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். முன் கண்ணாடியில் பனி படரும். பார்வை மறைவது ஷாக்கை விடப் பெரிய ஆபத்து.

பிடித்துக்கொண்டு இறங்கும் பழக்கத்தோடு, மின்னூட்டம் சேர்வதையே குறைக்கவும் வழி உண்டு. துணி சீட்டாக இருந்தால், துணி துவைத்தபின் அலசும் நீரில் ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் நன்றாக வேலை செய்யும். அதிலுள்ள பொருள் இழைகளின் மேல் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உரசலையும் குறைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். முதலில் சீட்டின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் அடித்து, காய்ந்தபின் கறை விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் ஓர் அடி தள்ளிப் பிடித்து, உட்காரும் பகுதியிலும் முதுகு சாயும் பகுதியிலும் பூந்தூறலாக அடியுங்கள். தொட்டால் லேசாக ஈரம் தெரிந்தால் போதும், நனைக்கக் கூடாது. சீட்டுக்குள் ஹீட்டர் கம்பிகளும் ஏர்பேக் இணைப்புகளும் இருக்கலாம், நீர் உள்ளே இறங்கினால் வேறு வம்பு. கதவுகளைத் திறந்துவைத்து முழுதாக உலரவிட்ட பின்பே உட்காருங்கள். ஸ்டீயரிங், பெடல், தரை விரிப்பு ஆகியவற்றின் மேல் படவே கூடாது, வழுக்கும். தோல் சீட்டிலும் அடிக்காதீர்கள். சில வாரங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து, அடித்த கண்டிஷனர் தேய்ந்துவிடும். ஷாக் மீண்டும் தலைகாட்டினால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அளவைக் கூட்டினால் பலன் கூடாது, பிசுக்குப் பிடித்து அழுக்குதான் சேரும்.

ஓட்டுநர் சீட்டுக்கு மட்டும் முழுப் பருத்திக் கவர் போடுவதும் நல்ல வழி. பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் வரை ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். ஆனால் மிக வறண்ட காற்றில் பருத்தியும் காய்ந்துவிடும், எனவே அதை மட்டும் நம்பிக் கையை விடாதீர்கள். பாதி பாலியெஸ்டர் கலந்த கவரைப் பருத்தி என்று விற்பதுண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். ரெக்சின் கவர் மழமழப்பாக இருப்பதால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், அது பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு, துணியைவிட மோசமாகவும் நடந்துகொள்ளும்.

செருப்பை மாற்றும் எண்ணம் இருந்தால், தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் ஆன்டிஸ்டாட்டிக் பாதுகாப்பு ஷூக்களின் மின்தடை 1 லட்சம் முதல் 100 கோடி ஓம் வரை இருக்கும்படி தரவிதி உண்டு. அதன் மேல் எல்லையிலேயே இருந்தாலும் உங்கள் உடம்பிலுள்ள மின்னூட்டம் அரை வினாடிக்குள் தரைக்குப் போய்விடும். இந்த ஒரு தொல்லைக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன், வேலைக்கு எப்படியும் தேவைப்படுபவர்களுக்கு இது கூடுதல் நன்மை.

விற்கும் பொருள்களில் சாவிக்கொத்தில் மாட்டும் ஆன்டிஸ்டாட்டிக் குச்சி உண்மையிலேயே வேலை செய்யும். அதற்குள் பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு தடை இருக்கும், சிலவற்றில் சிறு நியான் விளக்கும் இருக்கும். வெறும் விரலில் சில ஆம்பியர் வரை எகிறும் கணநேர மின்னோட்டத்தை அந்தத் தடை 10 மில்லிஆம்பியர் அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் வலி தெரியாது. குச்சியின் கடத்தும் பகுதியில் விரல் பட்டிருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறையை மட்டும் பிடித்தால் பயனில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒயர் இல்லாத ஆன்டிஸ்டாட்டிக் பட்டையை வாங்காதீர்கள். மின்னூட்டம் போவதற்கு அதில் பாதையே இல்லை.

மறந்துபோய் எதையும் பிடிக்காமல் இறங்கிவிட்டால்? விரல் நுனியால் கதவைத் தொடாதீர்கள். நரம்பு முனைகள் நெருக்கமாக உள்ள இடம் அது. பொறி ஒரு புள்ளியில் இறங்குவதால்தான் அத்தனை வலி. சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் காரின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். பொறி சாவி நுனியில் பறக்கும், மின்னோட்டம் உள்ளங்கை முழுதும் பரவி உள்ளே போவதால் அநேகமாகத் தெரியாது. பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட் சாவியானால் உலோகப் பகுதி கையில் படட்டும், அல்லது ஒரு நாணயத்தைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் சிமென்ட் சுவரோ மரமோ இருந்தால் உள்ளங்கையை அதன் மேல் ஓரிரு வினாடி வைத்தாலும் போதும். அவை அரைகுறைக் கடத்திகள் என்பதால் மின்னூட்டம் பொறியில்லாமல் மெதுவாக வடியும். வேறு வழி இல்லையென்றால் முழங்கையால் தொடுங்கள். கை வறண்டு வெடிப்பு விட்டிருந்தால் மாய்ஸ்சரைசர் தடவுவது வலியைக் கொஞ்சம் குறைக்கும், ஷாக்கை நிறுத்தாது.

உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 10,000 வோல்ட் என்ற எண் மிரட்டினாலும், அப்போது உடம்பில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 7.5 மில்லிஜூல்தான். அதுவும் ஒரு மைக்ரோவினாடிக்குள் தீர்ந்துவிடும். இதயத் துடிப்பைக் கலைக்க இது போதாது. பேஸ்மேக்கர்கள் உலோக உறைக்குள், வெளியிலிருந்து வரும் மின்துடிப்புகளை வடிகட்டும் அமைப்புடன் செய்யப்படுகின்றன. விரலில் அடிக்கும் இப்படிப்பட்ட ஒற்றைப் பொறி அவற்றைக் கெடுப்பதாகக் கருதப்படுவதில்லை. ஷாக்கோடு சேர்ந்து அப்பாவுக்குத் தலைசுற்றலோ படபடப்போ வந்தால் மட்டும் தாமதிக்காமல் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பா விஷயத்தில் என் கவலை வேறு: திடுக்கிட்டுப் பின்னால் நகர்வது, நிலை தடுமாறி விழுவது, போக்குவரத்து உள்ள பக்கம் கால் வைப்பது. வயதானவர்களும் குழந்தையைத் தூக்கி இறங்குபவர்களும் சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக, சட்டத்தைப் பிடித்தபடி இறங்குவது எல்லா வகையிலும் நல்லது.

பெட்ரோல் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஏறக்குறைய 0.25 மில்லிஜூல் போதும். உடம்பில் 2,000 வோல்ட் இருந்தாலே 0.3 மில்லிஜூல் ஆகிவிடும். அந்த அளவுப் பொறியைப் பலரால் உணரக்கூட முடியாது. “இன்று ஷாக் அடிக்கவில்லை, அதனால் பயமில்லை” என்பது அங்கே செல்லாது. காரிலிருந்து இறங்கியதும், பெட்ரோல் மூடியையோ நாசிலையோ (பம்ப் குழாயின் முனை) தொடும் முன், டேங்க் வாயிலிருந்து தள்ளி உள்ள கதவுப் பூட்டின் உலோகத்தை வெறும் கையால் தொட்டுவிடுங்கள். நீங்களே நிரப்பும் இடமானால், நிரப்பத் தொடங்கியபின் காருக்குள் போய் உட்காராதீர்கள். உட்கார்ந்து எழுந்து, புதிதாக ஏறிய மின்னூட்டத்தோடு ஆவி சூழ்ந்த நாசிலை நோக்கிக் கை நீட்டுவதுதான் ஆபத்தான கணம். அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட் 1990களிலிருந்து திரட்டிய இத்தகைய தீ விபத்து விவரங்களில், நிரப்பும் நேரத்தில் காருக்குள் ஏறி இறங்கியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். போக வேண்டியே வந்தால், திரும்பும்போது முதலில் டேங்க்குக்கு எட்டத்தில் உலோகத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள். கேனில் வாங்குவதானால் கேனைத் தரையில் வைத்து, நாசில் அதன் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். டிக்கியிலோ சீட்டிலோ வைத்து நிரப்பினால் மின்னூட்டம் கேனிலேயே தங்கும்.

நிரப்பும்போது தீப்பிடித்தால் முதலில் தோன்றுவது நாசிலை உருவுவதுதான். அதைச் செய்யாதீர்கள். உருவினால் பெட்ரோல் சிந்தி, எரியும் தீ உங்கள் மேலும் தரையிலும் பரவும். நாசிலை டேங்க்கிலேயே விட்டுவிட்டு, காரில் இருப்பவர்களை மறுபக்கக் கதவு வழியாக இறக்கி விலகுங்கள், ஊழியரிடம் அவசர நிறுத்த சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். டீசல் சாதாரண வெப்பநிலையில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகாது என்பதால் அதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பக்கத்துப் பம்ப்பில் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும், எனவே பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

கடைசியாக, எது நிலைமின்சாரம் இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிலைமின்சாரம் ஒரே ஒரு முறை ‘சட்’டென்று அடித்துத் தீர்ந்துவிடும், உடனே அதே இடத்தை மறுபடி தொட்டால் எதுவும் இருக்காது. தொட்டுக்கொண்டே இருக்கும்போது விர்ரென்று தொடர்ந்து கூச்சம் தெரிந்தால் அது வேறு விஷயம். உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு நேர்க்கீழே காரை நிறுத்தியிருந்தால் அப்படித் தோன்றலாம், வண்டியை நகர்த்தினால் நின்றுவிடும். மின்சாரக் கார் சார்ஜ் ஆகும்போது காரின் உடலைத் தொட்டால் கூச்சம் தெரிகிறது என்றால் அதை நிலைமின்சாரம் என்று ஒதுக்கவே கூடாது. சுவர் பிளக்கிலோ சார்ஜரிலோ எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். காரையும் கேபிளையும் தொடாமல், மெயின் பக்கத்திலுள்ள பிரேக்கரை இறக்குங்கள். அதற்குப் பின்பே பிளக்கைக் கழற்ற வேண்டும். எலெக்ட்ரீசியன் எர்த் தடையை அளந்து, கசிவு மின்னோட்டத்தில் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வேலை செய்கிறதா என்று சோதித்து முடிக்கும் வரை அந்தப் பிளக்கில் காரை மறுபடி மாட்டாதீர்கள்.